லோகேஸ்வரி அக்காவின் காலி போத்தல்

லோகேஸ்வரி அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புடவை எடுத்தால், சாயம் பார்க்க வேண்டும் என்று கடைக்காரரையும் சேர்த்து வெயிலுக்கு இழுத்துவருவார். காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். "ஏன்க்கா, முட்டைக்குக் கால் முளைச்சு ஓடிடுமா?" என்று கேட்டால், "உனக்கென்ன தெரியும் பிரவின், ஒலகமே பிராடு லா" என்பார். ஆனால் அவரை யாரும் ஏமாற்றுக்காரி என்று சொன்னதில்லை. அதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

போர்ட் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் என்னோடு வேலை செய்தார். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய பொருட்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் சின்ன கம்பெனி அது. அக்கா ஆர்டர் பார்ப்பார். நான் ஐஸ் வைத்துப் பெட்டி கட்டுவேன்.

சென்ற ஆண்டு முகுந்தன் என்பவர் போன் செய்து ஒரு புரதம் கேட்டார். நம் இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துபோகும் புரதம் அது. அதற்கான மனித மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, கிருமியைக் கொண்டே செய்யவைப்பார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு என்று சொல்லி, பணமும் கட்டிவிட்டார்.

"லேப்காரங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. இந்த ஆளு ஒண்ணுமே கேக்கல. என்னமோ இடிக்குது" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பாக வந்தது.

சரக்கு வந்ததும் முகுந்தன் தானே எடுக்க வந்தார். லோரி ஓட்டுகிறவர் என்பது கீழே அவர் நிறுத்தியிருந்த லோரியைப் பார்த்த உடனே தெரிந்தது. பெட்டியை நான் மேசையில் வைத்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, இதை ஊசியா போடணுமா, தண்ணியில கலக்கிக் குடிக்கணுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். என் சிரிப்பு போய்விட்டது.

கொஞ்சம் துருவியதும் எல்லாம் வெளியே வந்தது. மனைவி மலர்விழிக்குப் பக்கவாதம். இரத்தத்தில் கொழுப்பு. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. இந்தப் புரதம் கொழுப்பை வழித்தெடுத்துவிடும் என்று எதிலோ படித்திருக்கிறார். ஊசி போடத் தெரிந்த ஆள் ஜெஞ்சாரோம் என்ற ஊரில் இருக்கிறாராம்.

"அண்ணே, இது மருந்தில்ல. ஒடம்புல ஏத்துனா உசுருக்கே ஆபத்து" என்றார் அக்கா.

"மனுசப் புரதம்னுதானே எழுதியிருக்கு? அப்புறம் எப்படி மனுசனுக்கு ஆகாது?"

"கிருமியில செஞ்சதுண்ணே. சோதனை பண்ண மட்டும்தான்."

"பணக்காரன் கேட்டா குடுப்பீங்க. லோரிக்காரன் கேட்டா மட்டும் ஆபத்தா?"

அவரும் நம்பாத ரகம். பெட்டியை வெடுக்கென்று இழுத்துத் திறந்து, விரல் நுனி அளவு இருந்த போத்தலை வெளியே எடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஆட்டினார், மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க இது? உள்ள ஒண்ணுமே இல்ல!"

இருந்தது. உலரவைத்த புரதம் கண்ணுக்குத் தெரியாத படலமாக அடியில் ஒட்டியிருக்கும். புதிய வாடிக்கையாளர் எல்லோரும் இதே புகாரோடுதான் கூப்பிடுவார்கள். "நாங்க ஏமாத்தலீங்க, நல்லா இருக்கு" என்று கோபமாக விளக்குவதே அக்காவின் தினசரி வேலை. நானும் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தார்.

"ஆமாண்ணே" என்றார். "காலி போத்தல்தான்."

முகுந்தனின் முகம் சிவந்தது. "நோயாளிகிட்டயா விளையாடுறீங்க?" என்று கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்து, போத்தலை வாங்கிக்கொண்டார். "பழைய மாத்திரையையே குடுங்கண்ணே, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று அவர் சொன்னது படிக்கட்டில் இறங்கியவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முகுந்தன் சும்மா இருக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு வாய்ஸ் நோட் கிள்ளான் முழுக்கச் சுற்றி, அக்காவின் குடும்பக் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. "பிரிக்ஃபீல்ட்ஸ்ல லோகேஸ்வரின்னு ஒரு அக்கா, காலி போத்தல் விக்குது. மூஞ்சியப் பாத்து ஏமாந்துடாதீங்க." சொந்தக்காரர்கள் கோயிலில் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் மன்றாடினேன். "போத்தல்ல சரக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்தாளு வேற கடையில வாங்கிடுவான்" என்றார், அவ்வளவுதான்.

அந்த வாய்ஸ் நோட்டை அவர் அழிக்கவில்லை. ஒருநாள் மதியம் போனை என் காதில் வைத்து அழுத்தினார். முகுந்தனின் திட்டு முடிகிற இடத்தில், பின்னால் ஒரு பெண் குரல் குழறலாகக் கேட்டது. "போதுங்க... விடுங்க."

"வாதம் வந்தவங்க பேச்சு இப்படித்தானே இருக்கும்?" என்றார் அக்கா. "இது அந்த மலர்விழிதானே பிரவின்?"

"அவங்கதான்க்கா. நல்லாத்தான் இருக்காங்க."

அக்கா என்னையும் நம்பவில்லை. போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டார்.