வண்டி வராத தீவில் வளர்ந்தவர்கள்

உள்ளங்காலில் மணல் சுட்டால் ஓடு, ஈரம் பட்டால் நில். எங்கள் தீவில் நடப்பதற்கு வேறு சட்டம் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே நீண்டு கிடக்கும் அந்த மணல் திட்டில் கார், லாரி என்ன, ஒரு சைக்கிள்கூட ஓடாது, சக்கரம் புதைந்துவிடும். சாலையே இல்லாத ஊரில் ஓரமாகப் போ என்று எங்களை அதட்டவும் ஆள் இல்லை. "கண்ண மூடிக்கினு ஓடுனாலும் தண்ணியாண்ட போய்தான் நிக்குங்க" என்று அம்மா எங்களை அவிழ்த்து விட்டுவிடுவாள்.

இப்போது வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் சொர்க்கம் என்கிறார்கள். கரையில் குடில் போட்டவர் 'கார் இல்லாத தீவு' என்று பலகையே நட்டிருக்கிறார். "குழந்தைங்க பயமில்லாம ஓடலாம்" என்று அவர்கள் உருகுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயமில்லாமல் ஓடத்தான் என் தம்பியும் கற்றிருந்தான்.

அவனுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று. பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மா எங்களைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போனாள். தம்பி ஏரியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஊருக்குச் சாமான் ஏற்றி வரும் படகில் பழைய பஸ்ஸின் ரப்பர் ஹாரன் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அந்தப் 'பாம் பாம்' கேட்டால், ஓடி வந்து படகில் மோதாமல், நின்ற இடத்திலேயே நின்று கையாட்டும் பிள்ளைக்குத்தான் படகுக்காரர் வறுத்த கடலை கொடுப்பார். பொன்னேரியில் துணிக்கடைக்கு எதிரே நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்தவன், பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் வழக்கப்படி நின்றான், திரும்பினான், சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

லாரி நின்றபோது அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. "இன்னாம்மா, புள்ளைக்கு ரோட்ல நடக்கக்கூட சொல்லித்தர்லியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அம்மா எதைச் சொல்லித் தருவாள்? யாராவது சாலையைக் கடந்தால் அவர்களோடு ஒட்டிக்கொண்டு கடக்கத்தான் அவளுக்கே தெரியும். அந்தக் கேள்வியை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

கால் கட்டையாகிப்போனதால் கடலுக்குப் போக முடியாத தம்பி, இன்று அதே ஏரியில் இந்த விருந்தாளிகளுக்குப் படகு தள்ளுகிறான். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை, கவரைப்பேட்டையில் குடித்தனம். எங்களோடு ஓடியவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொழிற்சாலைகளுக்கு வந்துவிட்டார்கள். வலை இழுக்கும் கூச்சல், குழாயடிச் சண்டை, பிள்ளைகளின் இரைச்சல் எல்லாம் போய் ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. அதற்குத்தான் அமைதி என்று பெயர் வைத்து வாடகை வாங்குகிறார்கள்.

போன மாதம் நான் ஊருக்குப் போனபோது தம்பியின் படகில் ஒரு குடும்பமும் வந்தது. ஊர்க்காரர்கள் பாலம் கேட்டு மனு எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "பாலம் வந்தா கார் வந்துடும், எல்லாம் கெட்டுடும். நீங்கதான் வேணாம்னு சொல்லணும் தம்பி" என்றார் அந்தக் குடும்பத்தின் அப்பா. தம்பி கழியை ஊன்றியபடி சாதாரணமாகத்தான் பேசினான்.

"மனுவுல மொத கையெழுத்தே என்னுதுதான் சார். எனக்கு ரெண்டு பசங்க. ரோடுன்னா இன்னான்னு அதுங்க ஊட்டு வாசல்லயே பாத்து கத்துக்கட்டும்."