கட்டில் போட்டுப் பார்த்த ஜன்னல்

ஷார்ஜாவில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் சைட்டுக்கு மாற்றல். முதல் நாளே, மாடிச் சுவரின் பூச்சைத் தட்டியபோது அடைத்து வைத்திருந்த ஜன்னல் ஒன்று வெளிப்பட்டது. கல்லை எடுத்தோம். காற்றோடு ஒரு குரலும் வந்தது.

"ஏ புள்ள, கையக் கழுவிட்டு வா. வாப்பா வர்ற நேரமாச்சு."

பக்கத்து வீட்டில் நம் கடற்கரை ஆட்கள் குடியிருந்தார்கள். நான் தொண்டிக்காரன். அன்றிலிருந்து மதியம் அந்த ஜன்னலுக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். எட்டிப் பார்த்ததில்லை, அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது. மீன் பொரியும் சத்தம், பிள்ளையின் அடம், தாயின் அதட்டல். என் வீட்டுக் குரல்கள் ஃபோனில்தான் வரும். அதில் எப்போதும் எல்லாரும் நலம். இங்கே ஒருத்தி குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று அலுத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் வீடாக இருந்தது.

ஜன்னல் இருந்தால் அறைக்கு வெளிச்சம் என்றார் எங்கள் மதுரை இன்ஜினியர். வீட்டு முதலாளி, எங்கள் வாயில் அர்பாப், ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்கு சார் கட்டில்?"

"அந்தக் காலத்துச் சட்டமாம் கொத்தனாரே. ஜன்னலுக்குக் கீழ கட்டிலப் போட்டு ஒரு ஆள ஏத்தி நிறுத்தணும். பக்கத்து வீட்டு முத்தம் தெரிஞ்சா அடைச்சிரணும். ரோமாபுரியில தீப்பிடிச்ச பின்னாடி, ரெண்டு வீட்டுக்கு ஒரே செவரு வைக்கக்கூடாதுன்னாங்க. கான்ஸ்டான்டிநோபிள்ல அடுத்தவன் வீட்டுக்குக் கடல் தெரியறத மறைக்கக்கூடாதுன்னாங்க. இங்க அடுத்த வீட்டுப் பொம்பளைங்க கண்ணுல படக்கூடாது. வளந்தவனும் வேணாமாம், குட்டையனும் வேணாமாம். உங்க அளவுதான் சட்டத்துக்குச் சரியா இருக்கு, ஏறுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏறினேன். இன்ஜினியர் காதருகே, "தெரியலன்னு சொல்லிருங்க" என்றார். எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை.

முதல் முறையாகப் பார்த்தேன். பாயில் மிளகாய் காய்ந்தது. வாசற்படியில் ஒரு சின்னச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பி வைக்கக் கை பரபரத்தது.

"கியா திக்தா?" என்ன தெரிகிறது என்று அர்பாப் கேட்டார்.

"சப் திக்தா, அர்பாப்." எல்லாம் தெரிகிறது என்றேன்.

"கலாஸ். பந்த் கரோ." முடிந்தது, அடைத்துவிடு என்றார்.

அடைக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஒரு கல் அளவு இடம் பாக்கி இருந்தபோது கீழே அவள் குரல்.

"அப்பாடா, அடைக்கிறாங்க! இனிமே முத்தத்துல உக்காந்து தலமுடி காயவைக்கலாம். அந்தச் சன்னல் தொறந்ததுலேர்ந்து ரூமுக்குள்ளயே அடஞ்சு கெடந்தாச்சு."

சுண்ணாம்பை அப்பி, கடைசிக் கல்லை வைத்துத் தட்டினேன். பிறகு அந்த வீட்டு அடுப்படிக் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஜன்னல் வைக்கும் முன், அடுத்த வீட்டு முற்றத்தில் போய் நின்று ஒரு தடவை மேலே பாருங்கள்.