கடைசி சீட்டில் கேட்ட பேஸ்

ஒரகடம் சாலையில் உள்ள ஒரு கார் ஆடியோ கடையில், இலக்கியம் படித்துக்கொண்டே மாலை நேரங்களில் வேலை பார்க்கிறேன். சப்வூஃபர் ஸ்பீக்கரில் எத்தனை ஹெர்ட்ஸில் வைத்தால் பேஸ் என்னும் தாழ்ந்த அதிர்வொலி நன்றாக இருக்கும் என்று புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளே கேட்பார்கள். அவர்களிடம் தனசேகர் அண்ணனின் வேனைப் பற்றிச் சொல்வேன்.

அவர் வடக்குப்பட்டிலிருந்து பெண்களைத் தொழிற்சாலை ஷிஃப்டுக்கு ஏற்றிச் செல்பவர். சப்வூஃபர் பெட்டியைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் பொருத்தினோம். கடை வழக்கப்படி நான் டிரைவர் சீட்டில் அமர்ந்து, முப்பது ஹெர்ட்ஸிலிருந்து ஒலியை மெல்ல உயர்த்திக் கேட்டு, அளவுகளை வைத்தேன். பிறகு அண்ணன் அந்த சீட்டில் அமர்ந்து கேட்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"செம்மயா கீதும்மா!"

மறுநாள் முகம் வாடி, எங்கள் முதலாளி ரஹ்மான் பாயிடம் வந்து நின்றார்.

"பாய், பொண்ணுங்க எல்லாம் தலவலிக்குதுன்றாங்க. நாளைக்கும் இப்டியே இருந்தா சூப்பர்வைசராண்ட சொல்லி வேற வேன் கேப்பாங்களாம். ரூட்டு போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

பாய் முன்சீட்டில் அமர்ந்து கேட்டார். "நல்லாத்தானேப்பா கீது?"

எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் தலைவலி கண்டவர்களில் எவரும் முன்சீட்டில் அமர்பவர் அல்லர். அன்று ஷிஃப்ட் முடிந்து புறப்பட்ட வேனில் நானும் ஏறிக்கொண்டேன். கடைசி சீட்டில் இருந்த, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கலைவாணி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னாமா, நீயும் கம்பெனி லைன்ல வேலைக்கு சேந்துட்டியா?"

"இல்லக்கா, பேஸ் எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்."

"சீட்டுல முதுவ சாச்சிப் பாரு, தெரியும்."

தெரிந்தது. முன்னால் இதமாகக் கேட்ட ஐம்பது ஹெர்ட்ஸ், இங்கே முதுகெலும்பில் இடித்தது. நீளமான வேனுக்குள் பேஸ் ஓரிடத்தில் மெலிந்து, மற்றோரிடத்தில் குவிந்துவிடுகிறது. ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் போனில் இருந்தது; அதில் ஐம்பதைத் தணித்தேன். சீட்டுக்கடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரில், சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையை நூறு ஹெர்ட்ஸிலிருந்து எழுபதுக்கு இறக்கினேன். ஒலியைப் பெருக்கும் கெயினையும் சற்றுக் குறைத்தேன். அதுவரை அமுங்கிக் கிடந்த பாட்டின் சொற்கள் தெளிந்து வந்தன. கலைவாணி அக்கா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"முன்னாடி பேஸ் ஒண்ணுமே கேக்கலியேம்மா!" என்றார் தனசேகர் அண்ணன்.

அக்கா கண்களைத் திறக்கவில்லை. "நீ ரோட்டப் பாருண்ணா. பாட்ட நாங்க கேட்டுக்கறோம்."

வேனே சிரித்தது. அதன்பின் எவரும் வேறு வேன் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், ஹெர்ட்ஸைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இதில் யார், எங்கே உட்காருவார்கள்?