கேலரிக்குள் இல்லாத கம்பி

நான் படித்த பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. சைட் இன்ஜினியராக என்னைத்தான் போட்டார்கள். நான்கு வருடம் பெண்கள் அணியில் ஆடிய மைதானம். விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் போகும் வழியில் இறங்கி, முதல் நாள் உள்ளே நுழைந்தபோது கால் தானாக கோல் போஸ்ட் பக்கம் போனது.

செயற்கைப் புல், மின்விளக்குகள், உடை மாற்ற புது அறைகள். பழைய கேலரியை இடிக்கும் எண்ணமே இல்லை. படிகளில் நாற்காலி பதித்து மேலே கூரை போட்டால் போதும் என்றார்கள். கூரையின் பாரத்தையும் பழைய தூண்களே தாங்க வேண்டும் என்பதால் அவற்றைச் சோதிக்கச் சொன்னேன்.

கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் ஓசை கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. முன்வரிசைத் தூண்களில் ஒழுங்காக ஓசை வந்தது. பின்வரிசையில் பல தூண்களில் ஓசை பாதியாகக் குறைந்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். அப்படியும் மாற்றமில்லை. ஒரு தூணின் மேல்பூச்சை உடைத்துப் பார்த்தோம். வரைபடத்தில் எட்டுக் கம்பி. உள்ளே நான்குதான் இருந்தது. அடுத்த தூணிலும் நான்கு.

தூணை உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தைப் பிடித்திருந்தவர் மெல்லச் சொன்னார். "மேடம், இதும் மேல எப்புடி இத்தினி வருசம் ஜனங்க உக்காந்தாங்க?"

நான் படித்தபோது நடந்த இறுதியாட்டத்தன்று ஹாஸ்டல் மொத்தமும் அந்தப் பின்வரிசையில் நின்று குதித்தது. நான் கோல் போட்டபோது கேலரியே அதிர்ந்தது என்று தோழிகள் பெருமையாகச் சொன்னார்கள். "எங்க அப்பா கம்பி கட்டின கேலரிடி" என்று நானும் பெருமையாகத்தான் பதில் சொன்னேன்.

சொன்னது பொய்யில்லை. அப்பா கம்பி கட்டும் கூலியாள். நான் பள்ளியில் படித்தபோது, ஒரு வருடத்துக்கு மேல் அவர் வேலை பார்த்தது அந்த மைதானத்தில்தான்.

அன்று மாலை விழுப்புரத்தை அடுத்த காணையிலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"பின்னாடி பில்லர்ல பாதி கம்பி இல்லப்பா."

எந்த பில்லர் என்று அவர் கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

"எத்தினி ஒடச்சீங்க?" என்றார்.

"ரெண்டு. உனக்குத் தெரியுமா?"

"நான்தானம்மா உருவுனேன்."

அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். "கம்பி கட்டி முடிச்சதும், கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி இன்ஜினியர் வந்து பாப்பாரு, கையெழுத்து போட்டுட்டுப் போய்டுவாரு. அவரு வண்டி கேட்டத் தாண்டனதும் மேஸ்திரி வந்து, பாதிய உருவுங்க, ஜல்தின்னுவாரு. அந்தக் கம்பி வேற சைட்டுக்குப் போய்க்கினு இருந்துது. ஒருத்தன் ஏன்னு கேட்டான். மக்யா நாளு அவன வேலைக்கிக் கூப்புடல."

"அங்க நான் வெளையாடிக்கினு இருந்தேனேப்பா! தெரிஞ்சும் எப்படிப்பா சும்மா இருந்த?"

"அதுக்குத்தான் கேலரி மேல ஏறாதன்னு தலதலயா அடிச்சிக்கினேன்."

சொல்லியிருந்தார். கல்லூரியில் சேர்ந்த வாரமே சொன்னார். பொம்பளப் பிள்ளை ஆண்களோடு சரிசமமாக உட்காரக் கூடாது என்கிறார் என்று நினைத்து, அவரோடு பத்து நாள் பேசாமல் இருந்தேன். வீம்புக்கென்றே தினமும் ஏறி உட்கார்ந்தேன்.

"எனக்கு மட்டும் சொன்ன. மத்த பிள்ளைங்க?"

உரித்த பருப்பு மடியிலிருந்து தரையில் கொட்டியதைக்கூடக் கவனிக்காமல் அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

மறுநாள் காலை, வேலையாட்கள் வருமுன்பே அப்பா சைட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் சாக்பீஸ் வாங்கி, பின்வரிசையில் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்து, சிலவற்றில் மட்டும் கோடு போட்டார். இத்தனை வருடம் கழித்தும் ஒன்றில்கூடத் தயங்கவில்லை. அவர் போன பிறகு கருவியை வைத்துப் பார்த்தேன். கோடு போட்ட தூண் ஒவ்வொன்றிலும் கம்பி குறைவு. கோடில்லாதவை சரியாக இருந்தன.

அதற்கு முன், கிளம்பும்போது அவர், "உங்க பெரிய சாருகிட்ட நானே சொல்லிட்றேன்" என்றார்.

"வேணாம்பா. நீ கெளம்பு" என்றேன்.

கேலரி முழுவதையும் இடிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். கம்பெனி முனகியது, பல்கலைக்கழகம் தாமதமாகும் என்றது. தூணுக்குள் எடுத்த படங்களைக் காட்டியதும் இரண்டு தரப்பும் அடங்கின. இடிக்க வந்த ஜேசிபி முதல் தடவை தள்ளியதிலேயே பின்வரிசையில் பாதி சரிந்தது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

இப்போது புது கேலரி நிற்கிறது. கம்பி கட்டி, என் கண்ணெதிரே கான்கிரீட் ஊற்றி முடிக்கும்வரை ஒரு தூணை விட்டும் நான் நகர்ந்ததில்லை.

ஆனால் இடிக்கச் சொல்லி நான் கொடுத்த அந்த அறிக்கையில், குறைபாட்டுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாவின் முகம் கண்ணில் நிற்க, அதில் "தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் என்னை இன்றுவரை திடுக்கிட வைக்கிறது.