பிள்ளையாருக்குப் போன ஷவர்

துரை பங்களாவில் ஷவர் செத்துப்போய்விட்டது என்று சொன்னவன் நான்தான். திறந்து பார்க்காமலே சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் பைப்பு வேலை பார்த்த திமிர். புதிதாக ஸ்பானர் பிடிக்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

எனக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வுக்குப் பிறகு வருஷா வருஷம் காண்ட்ராக்டில் இருக்கிறேன். காண்ட்ராக்ட் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த வருஷத்துக் கடிதம் கையெழுத்தாகாமல் துரை மேசையில் கிடந்தது.

ஷவரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. தண்ணீர் வேகம் குறைந்தால் வாட்டர் ஹீட்டர் எரியாது. இந்த மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் பல் கிட்டிப்போகும். ஷவரின் கழுத்தை ஒருமுறை திருகிப் பார்த்தேன், அவ்வளவுதான். "ரோசாக் தொரை, கெட்டுப்போச்சு. இனிமே இதுக்கு உயிர் வராது. புதுசு வாங்கிடலாம்" என்றேன். பிரிஞ்சாங் டவுனிலிருந்து புதியது வந்தது. மாட்டினேன், பிரமாதமாகக் கொட்டியது. பழையதைக் குப்பை வாளியில் போட்டேன்.

அடுத்து இரண்டு வாரம் விடாத மழை. புதியதும் சொட்ட ஆரம்பித்தது.

"மணியம், என்னா லா இது?" என்று துரை போனில் கத்தினார். அவர் கோலாலம்பூர்க்காரர், என் மகன் வயது. "வெள்ளிக்கெழம என் மாமியார் வர்றாங்க. அவங்க பச்சத் தண்ணியில குளிச்சா நான் வீட்டுல இருக்க முடியாது. நான் இருக்க முடியலன்னா நீங்களும் இங்க இருக்க முடியாது. அந்தப் பழசையே கொண்டாந்து மாட்டுங்க!"

செத்ததை எப்படி மாட்டுவது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாளி காலி.

பங்களாவைக் கூட்டிப் பெருக்கும் சரோஜாவைக் கேட்கலாம் என்று லயத்துப் பக்கம் இறங்கினேன். மரத்தடியில் பிள்ளையார் குளித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கிளையில் கட்டித் தொங்கியது துரை வீட்டு ஷவர். ரப்பர் ஓஸ் வழியாகத் தண்ணீர் ஏறி சடசடவென்று கொட்டியது. பக்கத்தில் சரோஜா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது செத்த ஷவராச்சே!"

"யாருண்ணே சொன்னா? அது வாய்க்குள்ள சின்னதா ஒரு சல்லட இருக்குல்ல, அதுல பாசியும் மணலும் அடச்சிருந்திச்சி. எடுத்துக் கழுவுனேன். மொகத்த வினிகர்ல ஊறப் போட்டு ஒவ்வொரு ஓட்டையா ஊசியால குத்துனேன். குத்தும்போதே எண்ணுனேன்." குரலைத் தாழ்த்தினாள். "நூத்தியெட்டு!"

"அதுக்கு?"

"அதுக்கா? நூத்தியெட்டு ஓட்டைய தொரைக்குன்னா வப்பாங்க? இது பிள்ளையாருக்குன்னே செஞ்சது. வழி தவறி பங்களாவுக்குப் போயிருச்சி."

"கழட்டும்மா, என் பொழப்பே போயிரும்!"

"சாமி குளிக்கையிலயா? நல்லாருக்கே கத!"

பின்னால் செருமல் கேட்டது. என்னைத் தேடி வந்த துரை நின்றுகொண்டிருந்தார்.

"இது என் ஷவர்தானே?"

"இருந்திச்சி தொரை" என்றாள் சரோஜா.

துரை என்னைப் பார்த்தார். "செத்துப் போச்சுன்னீங்களே, மணியம்?"

பிள்ளையாரை வைத்துக்கொண்டு பொய் வாயில் வரவில்லை. "தொறந்து பாக்கல தொரை. பாக்காமலே சொல்லிட்டேன்." வெட்கமாக இருந்தது. வீடு போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

அவர் திரும்பிப் பங்களாவுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஹீட்டர் மெயின் சுவிட்சை அடைத்து, தண்ணீரை மூடி, கீறல் விழாமல் துணி சுற்றிப் புது ஷவரைக் கழற்றினேன். சல்லடையில் மழையில் ஓடைத் தண்ணீரோடு வந்த பாசி, மணல், போதாததற்கு ஒரு தேயிலைத் துணுக்கு. பழைய பல் பிரஷால் தேய்த்து, மரையில் வெள்ளை டேப் சுற்றி, மாட்டித் திறந்தேன். ஹீட்டர் எரிந்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து ஓட்டைகளை எண்ணினார்.

"தொண்ணூத்தாறுதான்" என்றார் ஏமாற்றத்தோடு.

மாமியார் வந்தார். வெந்நீரில் ஆசை தீரக் குளித்துவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிடப் போனார். ஷவருக்கு அடியில் கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அட கடவுளே, ஐஸ் தண்ணி! நான் சுடுதண்ணியில குளிக்கிறேன், இவரு இதுலயா குளிக்கிறாரு? மாப்ள, இங்க ஒரு ஹீட்டர் மாட்டுங்க."

ஈர மரத்தடியில் கரண்டு கூடவே கூடாது என்று அடம்பிடித்தேன். அந்த ஒரு விஷயத்தில் துரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், பிள்ளையாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியில் மாமியாரே தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் பங்களா ஷவரில் ஒரு வாளி வெந்நீர் பிடித்து, மாப்பிள்ளையே தூக்கிவந்து சாமிக்கு ஊற்ற வேண்டும்.

இன்றைக்கும் துரை வாளியோடு இறங்கி வருகிறார். அதனால் பங்களா ஹீட்டர் ஒரு வெள்ளிக்கிழமைகூட மக்கர் பண்ணக் கூடாது. என் கடிதத்தை ஆபீஸ் கிராணி திரும்ப டைப் அடித்துக் கொடுத்தார். வேலை விவரம் என்ற இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'வியாழக்கிழமைதோறும் ஷவர் சல்லடையைத் திறந்து பார்த்தல்.' 'திறந்து பார்த்தல்' என்பதற்கு அடியில் துரை பேனாவால் இரண்டு கோடு இழுத்து, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.