மொட்டைப் பாறைக்கு ஒரு காவல்

எங்கள் அக்கா வீட்டுக்காரரை ஆற்றோரத்தில் எல்லோரும் 'உஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஆறு ஓடும் பாதுகாக்கப்பட்ட இடுக்கில் அவர் வனக்காவலர். நான் கீழே சுற்றுலாப் பயணிகளுக்கு ரப்பர் படகு ஓட்டுகிறவன். பாட்டு போடாதே, கல்லை உருட்டாதே, விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதே என்று மனிதர் நாள் முழுக்க உதட்டில் விரலை வைத்துக்கொண்டே திரிவார். வீட்டில் மட்டும் அக்கா பேசுவாள், இவர் உஷ்.

அந்த வருஷம் செங்குத்துப் பாறையில் ஒரு கழுகு ஜோடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் நடமாட்டம் இருந்தால் கூட்டைக் கைவிட்டுவிடும் என்று பயந்து, "அரிய கழுகின் கூடு, நெருங்காதீர்கள்" என்று பலகை எழுதி நட்டார். அவ்வளவுதான். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து, பலகையை நிதானமாகப் படித்துவிட்டு நெருங்கினார்கள். படிப்பறிவு பரவினால் இப்படித்தான்.

"பறவைக்கு நல்லது பண்றேன்னு நீங்களே ஊரைக் கூட்டிட்டீங்களே!" என்று அக்கா வாங்கு வாங்கென்று வாங்கினாள். தாய்க்கழுகு அன்று கூட்டுப் பக்கமே வரவில்லை. மாமா சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் பலகையைப் பிடுங்கி, கூட்டுக்கு முதுகு காட்டி நின்று பார்க்கும்படி, எதிர்ப்பக்கத்து மொட்டைப் பாறைக்கு முன்னால் நட்டுவிட்டார். அங்கே பல்லிகூடக் குடியிருக்காது. கூட்டம் அப்படியே அங்கே மாறியது. பைனாகுலரோடு வந்த ஒருவர், "அதோ, தலையை ஆட்டுது!" என்றார். பக்கத்தில் நின்றவர் விட்டுக்கொடுப்பாரா? அவருக்கு இரண்டு குஞ்சுகள் தெரிந்தன. இந்தப் பக்கம் தாய்க்கழுகு சத்தமில்லாமல் கூட்டுக்குத் திரும்பியது.

ரேஞ்சரும் மனைவியோடு வந்து மொட்டைப் பாறையைப் பார்த்துப் பரவசப்பட்டார். மனைவி பக்கத்தில் இருக்கும்போது தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எந்த அதிகாரி சொல்வார்? "இவ்ளோ பேர் வர்றாங்க, விளக்கிச் சொல்ல ஆள் வேணாமா? இனிமே நீ இங்கயே நில்லுய்யா" என்று உத்தரவு போட்டார். உண்மையைச் சொன்னால் கூட்டம் மறுபடி கூட்டுக்குப் போய்விடும். மாமா சல்யூட் அடித்தார்.

குஞ்சு முதன்முதலாகப் பறப்பதைப் பார்க்கத்தான் மாமா அந்த சீசன் முழுக்க லீவே போடவில்லை. அது பறந்தபோது நான் ஆற்றில் இருந்தேன். விளிம்புக்கு வந்தது, தயங்கியது, விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீரைத் தொடுவதற்குள் இறக்கை காற்றைப் பிடித்துக்கொள்ள, ஜிவ்வென்று ஏறி, மேலே நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால் பறந்து போயிற்று. ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் மொட்டைப் பாறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களுக்குக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் மாப்ள. சத்தம் கேட்டுச்சு."

"ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாமே, மாமா?"

"நான் திரும்பினா அத்தனை பேரும் திரும்பிடுவாங்களே. அடுத்த வருஷம் அது வர வேணாமா?"

அக்கா அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"எப்படிப் பறந்துச்சு?" என்றார் மாமா.

அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று கைகளை விரித்துக் காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னொரு தடவை காட்டு" என்றார்.