தட்டினால் கேட்கும் தூரம்

அவளுடைய வேலை காதால் செய்கிற வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். மற்றவர்கள் இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார்கள். அவள் ஒரு காதில்தான் மாட்டுவாள். மற்ற காது கட்டிலுக்கு.

கட்டிலில் கணவர். மூன்று வருடமாகப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து கிடக்கின்றன. வாய்க்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. முன்பு பஸ் ஓட்டியவர், ஹாரன் அடித்தே பழகியவர். இப்போது இடது கையில் ஒரு ஸ்பூன், கட்டில் கம்பியில் தட்ட. ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை, மூன்று என்றால் சும்மா வா. நாளுக்கு நாற்பது சும்மா வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போட வேண்டும். குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். அதை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மூன்று வருடத்தில் அவர் உடம்பில் ஒரு புண் இல்லை. மூன்று வருடத்தில் அவளும் கீழ்த் தெருவைத் தாண்டிப் போகவில்லை.

அவளுடைய லேப்டாப்புக்கு ஆறு வயது. போன வருடம் அதன் ஃபேன் கத்தத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் ஸ்குரூ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அப்போதே தூசி தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சூடு குறையலைன்னா உள்ள சூட்டை இழுக்கற பேஸ்ட் காஞ்சிருக்குன்னு அர்த்தம்கா. சொல்லுங்க, வந்து மாத்திடறேன்."

சூடு குறையவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த இரைச்சலில் தண்ணீர்த் தட்டு கேட்கும், திருப்பச் சொல்லும் தட்டு கேட்கும். சும்மா தட்டு மட்டும் கேட்காது. கேட்காது என்று வைத்துக்கொண்டாள்.

போன வாரம் லேப்டாப் இரண்டு தடவை தானாக அணைந்தது. வேலை அனுப்புகிற மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார். "இன்னொரு தடவை பாதியில நின்னா உங்க ஃபைலை எல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்கா. நான் என்ன பண்றது, எனக்கு மேலயும் ஒருத்தர் உக்காந்திருக்காரே."

இந்த வேலை போனால் அப்புறம் கட்டில் மட்டும்தான். மறுநாள் பத்து மணிக்கு அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு ஸ்குரூவை மேலே வரச் சொன்னாள்.

வீட்டில் சமமாக இருந்த ஒரே மேசை, அவர் சாப்பிடுகிற சக்கர மேசை. அதைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, அதன்மேல் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிரித்தார் ஸ்குரூ.

"என் வயித்து மேலயே ஆபரேஷனா?" என்றார் கணவர்.

"மூச்சை மெதுவா விடுங்கண்ணே. ஆணி பறந்துடும்."

"பறந்தா நான் ஓடிப் போய் எடுத்துட்டு வரேன், நீ வேலையைப் பாரு."

சிப்பின் மேல் இருந்த செம்புத் தகட்டைத் தூக்கினார் ஸ்குரூ. அடியில் இருந்த பசை பழைய சுண்ணாம்பு போல வறண்டு, விரல் பட்டதும் உதிர்ந்தது. அவள் டிரெஸ்ஸிங் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து நீட்டினாள்.

"ஸ்பிரிட் குடுங்க. பஞ்சு வேணாம், நூல் ஒட்டிக்கும்."

"இதை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும்?" என்று கேட்டார் கணவர்.

"காலண்டரைப் பாத்து மாத்தக் கூடாதுண்ணே. நல்லா ஓடுற மெஷினைப் பிரிக்கவே கூடாது. சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்துது, தூசி தட்டியும் அடங்கலை, அப்ப மாத்தணும். தானா அணையற வரைக்கும் விடக் கூடாது. அக்காதான் ஒரு வருஷம் விட்டுட்டாங்க."

"ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம வண்டி ஓட்டியிருக்கா" என்றார் கணவர். "சத்தத்துலயே தெரிஞ்சிருக்குமே. உனக்குத் தெரியலையாடி?"

அவள் ஸ்பிரிட் பாட்டிலை மூடினாள்.

ஸ்குரூ அரைப் பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, தகட்டைப் பொருத்தி, ஆணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். லேப்டாப்பை அவளுடைய ஜன்னலோர மேசையில் வைத்து ஆன் செய்தார். கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இனி ரெண்டு மூணு வருஷத்துக்குச் சத்தமே வராதுக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் ஒரு காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அறையில் இத்தனை ஓசைகள் இருப்பதையே மறந்திருந்தாள். அவர் படுத்திருந்த காற்று மெத்தையின் மோட்டார், சமையலறைக் குழாயின் சொட்டு, அவருடைய மூச்சு. முதல் ஃபைல் பாதியில் நிற்காமல் முடிந்தது. இரண்டாவதைத் திறந்தாள்.

டங், டங், டங்.

பழக்கத்தில் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப கேக்குதுல்ல?" என்றார் அவர்.

அவள் விரல்கள் நின்றன. "எப்பலேருந்து தெரியும்?"

"தண்ணிக்கு ஒரு தட்டு தட்டினா ஓடி வர்ற. மூணு தட்டினா செவிடாயிடற. நான் இருபத்தாறு வருஷம் இன்ஜின் சத்தத்தோட உக்காந்தவன்டி."

"ஏன் கேக்கலை?"

"சத்தம் இருக்கட்டும்னு விட்டேன். நீயும் கொஞ்சம் ஒதுங்கணும்னா எங்க போவே?"

மணி பதினொன்றே கால். அவரைத் திருப்பிப் போட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பட்டியலில் ஒன்பது ஃபைல்கள் இருந்தன.

"இப்ப என்ன வேணும்?"

"சும்மா."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள். நாலடிதான்.